"இன்னைக்கு ஏன் வரலை?" – வயசான காலத்துல அக்கம்பக்கத்தாரோட வாக்கிங்

(ஒலி வடிவில் வந்த எபிசோடை, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தி இங்கே தருகிறோம்.)

முழங்கால் வலி பற்றிப் போன எபிசோடில் பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருக்கீங்க. "டாக்டர் அம்மாவை தினமும் நடக்கச் சொல்லியிருக்கார். அம்மா நாலு நாள் நடக்கிறாங்க, அஞ்சாவது நாள் விட்டுடுறாங்க. என்ன செய்யிறது?"

இதுக்கு ஒரே வரியில பதில் சொல்லலாம். அம்மாவைத் தனியா நடக்கச் சொல்லாதீங்க, பக்கத்து வீட்டுல ஒரு ஆளைப் பிடிச்சுக் கொடுங்க. அது ஏன், எப்படிங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

சீட்டுல எழுதின நடை

சர்க்கரைக்கு, பிரஷருக்கு, மூட்டு வலிக்கு, தூக்கம் வரலைன்னு, எதுக்குப் போனாலும் டாக்டர் கடைசியா சொல்றது "நடங்க". நாமும் தலையை ஆட்டிட்டு வந்துடுறோம். மாத்திரையை மறக்காம போடுறவங்ககூட நடையை மறந்துடுறாங்க.

இதைச் சோம்பேறித்தனம்னு சொல்லிடாதீங்க. நம்ம ஊர்ல 60 வயசைத் தாண்டினவங்க வாழ்க்கை முழுக்க நடந்தவங்கதான். தண்ணிக்கு, விறகுக்கு, வயலுக்கு, பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு காரியத்துக்காக நடந்தாங்க. காரியமே இல்லாம சும்மா நடக்கிறது அவங்களுக்குப் பழக்கம் இல்லாத விஷயம். "எங்க போறீங்க?"ன்னு தெருவுல யாராவது கேட்டா சொல்றதுக்குப் பதில் இருக்காது. முக்கியமா பெண்களுக்கு. மருந்தா நினைச்சு நடந்தா, உடம்பு கொஞ்சம் சரியானதும் மருந்தை நிறுத்துற மாதிரி நடையும் நின்னுபோகும்.

அதே ஆளு, "மதினி காத்துக்கிட்டு இருக்கும்"னு ஒரு நினைப்பு இருந்தா, தூறல் போட்டாலும் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. இப்ப அவங்க நடைக்கு ஒரு காரியம் கிடைச்சிடுச்சு.

மணமேல்குடியில ஒரு காலை

இதை நான் கண்ணால பார்த்தது மணமேல்குடியில. எங்க பெரியம்மா வீடு அங்கதான்.

தெரியாதவங்களுக்கு: மணமேல்குடி புதுக்கோட்டை மாவட்டத்தோட கிழக்கு ஓரத்துல இருக்கு. குலச்சிறை நாயனார் பிறந்த ஊர். வடக்கே போனா கட்டுமாவடி, தெற்கே ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மேற்கே அறந்தாங்கி, கிழக்கே கடல். கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரைத் தொட்டுக்கிட்டே போகுது. பிள்ளைங்க சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு வேலைக்குப் போயிட்ட வீடுகள் இந்தக் கடலோரத்துல நிறைய உண்டு. வீடு பெருசா இருக்கும். உள்ளே ஒருத்தரோ ரெண்டு பேரோ இருப்பாங்க.

பெரியம்மாவுக்கு 68 வயசு. பெரியப்பா இறந்த பிறகு தனியா இருக்காங்க. காலையில அஞ்சே முக்காலுக்கு எதிர்வீட்டு மதினி வாசல்ல நின்னு குரல் கொடுப்பாங்க. தெருமுனையில ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் வீட்டம்மாவும் சேர்ந்துக்குவாங்க. அடுத்த தெருவுல ஒரு ராத்தா. மீன் ஏலத்துல கணக்கு எழுதிக்கிட்டிருந்த ஒரு அண்ணன். மொத்தம் ஆறு பேர். சங்கம், தலைவர், வாட்ஸ்அப் குரூப்னு எதுவும் கிடையாது.

பாக் நீரிணை ஆழம் கம்மியான கடல். எதிர்ல இலங்கை அணை மாதிரி இருக்கிறதால, மெரினாவுல பார்க்கிற அலை இங்க கிடையாது. காலையில பார்த்தா பெரிய ஏரி மாதிரி கிடக்கும். சூரியன் நேரா தண்ணிக்குள்ள இருந்து எழும்பும். அந்த நேரத்துல காத்து நிலத்துல இருந்து கடலுக்குப் போகும், வெயில் ஏறின பிறகுதான் கடல்ல இருந்து கரைக்குத் திரும்பும். ஏலக்கார அண்ணன் காத்தை முகத்துல வாங்கிட்டு "இன்னைக்கு வாடை", "இது கச்சான்"னு சொல்லுவார். வாத்தியார் 40 வருஷம் பூகோளம் நடத்தினவர். ஆனா வாடை, கொண்டல், கச்சான், சோளகம்னு நாலு காத்தோட பேரையும் ரிட்டயர்டு ஆன பிறகு இந்த நடையிலதான் சரியாப் பிரிச்சுக் கத்துக்கிட்டதா சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

பேச்சு எங்கெங்கோ போகும். யார் வீட்டுல விசேஷம், மீன் என்ன விலை, எந்தப் பேரன் பேச ஆரம்பிச்சுட்டான். கஜா புயல்ல எந்தத் தென்னந்தோப்பு படுத்தது, அதுல எது மறுபடி தழைச்சிருக்கு. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கரையைக் கடந்த புயல் அது. அதுக்கு முன்னாடி நிழலா இருந்த இடங்கள் எதுன்னு இவங்க விரல் நீட்டிக் காட்டுவாங்க. இன்னொரு நாள் கடல்பசு பற்றிப் பேச்சு வந்தது. மீனவர்கள் ஆவுளியான்னு சொல்லுவாங்க. அதுக்காக 2022 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல்ல சுமார் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமா அறிவிச்சது. "இத்தனை வருஷம் இந்தக் கடலைப் பாக்குறேன், நம்ம வாசல்லயே இப்படி ஒரு ஜீவன் இருக்கு பாரேன்"னு பெரியம்மா ஆச்சரியப்பட்டாங்க.

திரும்பி வரும்போது டீக்கடை. ராத்தாவுக்கு மட்டும் சீனி இல்லாம. "நடந்து குறைச்சதை எல்லாம் வடையில ஏத்திக்கிறோம்"னு தினமும் யாராவது சொல்லுவாங்க, தினமும் எல்லாரும் சிரிப்பாங்க.

மொத்தம் முக்கால் மணி நேரம். இதுல உடற்பயிற்சிங்கிற வார்த்தையை யாரும் சொல்லி நான் கேக்கலை. ஆனா உடம்புக்குக் கிடைக்க வேண்டியது கிடைச்சுக்கிட்டு இருக்கு. அது என்னன்னு பார்ப்போம்.

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

முதல்ல கால். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி, கீழே தேங்கின ரத்தத்தை மேலே தள்ளுது. சாயங்காலம் கால் வீங்குறவங்களுக்கு இது பெரிய உதவி.

அடுத்து மூட்டு. "நடந்தா தேஞ்சிடும்"னு நம்ம வீடுகள்ல ஒரு பயம் இருக்கு. மூட்டுக்குள்ள இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டை அசைக்கும்போது, அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதுதான் அதுக்குச் சத்து போய்ச் சேருது. அசைக்காம வெச்ச மூட்டு இறுகும், அதைச் சுத்தி இருக்கிற தசையும் மெலியும். அளவோட நடக்கிறது மூட்டுத் தேய்மானம் இருக்கிறவங்களுக்கும் நல்லது.

மூணாவது சர்க்கரை. தசை வேலை செய்யும்போது ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கும். 2013-ல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது, பத்தே பேர்தான். எல்லாரும் 60 வயசுக்கு மேற்பட்டவர்கள், சர்க்கரை நோய் வரும் அபாயத்தில் இருந்தவர்கள். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தது, காலையில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடந்த அளவுக்குப் பலன் தந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையை இந்தச் சின்ன நடைதான் நன்றாகக் குறைத்தது. அதனால, காலையில முடியாதவங்க ராத்திரி சாப்பிட்டு அரை மணி கழிச்சு, தெருவுல ரெண்டு பேரா நாலு சுத்து சுத்தினாலும் நல்லதுதான்.

இதெல்லாம் தனியா நடந்தாலும் கிடைக்கும். கூட்டமா நடந்தா என்ன வித்தியாசம்? 2015-ல் பிரிட்டனில் ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், ஹேன்சன், ஜோன்ஸ் என்பவர்கள், வெளியிடங்களில் குழுவாக நடப்பவர்களைப் பற்றிய 42 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 14 நாடுகள், 1,843 பேர். ரத்த அழுத்தம், ஓய்வில் இருக்கும்போதான நாடித்துடிப்பு, உடல் கொழுப்பு, மனச்சோர்வு, எல்லாமே குறைந்திருந்தன. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. சேர்ந்தவர்களில் சுமார் நாலில் மூன்று பேர் கடைசி வரைக்கும் விடாம நடந்திருந்தாங்க. உடற்பயிற்சியை ஆரம்பிச்சவங்க அதை விட்டுடுறதுதான் வழக்கம்னு நமக்கே தெரியும். அதை வெச்சுப் பார்த்தா இது பெரிய விஷயம்.

பேச்சே ஒரு மீட்டர்

"பேசிக்கிட்டே நடந்தா அது வாக்கிங்கா?"ன்னு சில பேர் கேலி பண்ணுவாங்க. கையை வீசி, வாயை மூடி, வேகமா நடந்தாத்தான் பலன்னு ஒரு எண்ணம்.

டாக்டர்கள் நடையோட வேகத்தை அளக்கச் சொல்ற எளிய வழியே பேச்சுதான். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட முடிஞ்சா வேகம் பத்தலை. ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாம மூச்சு வாங்கினா வேகம் அதிகம். மணமேல்குடி ஆறு பேரும் இதைத் தெரியாமலே செய்யிறாங்க. வாத்தியார் கதை சொல்ற வேகம்தான் கூட்டத்தோட வேகம்.

பேச்சுல இன்னொரு விஷயமும் இருக்கு. 1997-ல் ஸ்வீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் 58 பேரைக் கவனித்தார்கள். நடந்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்தால், 12 பேர் நின்றுதான் பதில் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்திருந்தார்கள். நடையும் பேச்சும் ஒரே நேரத்துல செய்ய மூளையும் உடம்பும் ஒத்துழைக்கணும். அது குறையும்போது முதல்ல தெரியிற அடையாளங்கள்ல இதுவும் ஒண்ணு.

இதை யார் கவனிப்பாங்க? ஃபோன்ல பேசுற மகனுக்குத் தெரியாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கிற டாக்டருக்கும் தெரியாம போகலாம். தினமும் பக்கத்துல நடக்கிறவங்களுக்குத் தெரியும். "அக்கா இப்பல்லாம் பேசணும்னா நின்னுடுறாங்க", "அண்ணன் வலது காலை இழுத்து வைக்கிறாரு". நோயை இவங்க கண்டுபிடிக்க வேண்டாம். மாறிப்போனதைச் சொன்னா போதும். அப்படி ஒருத்தர் சொன்னா அலட்சியம் பண்ணாம டாக்டர்கிட்ட போங்க.

தேட ஒரு ஆள்

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வரேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில ராத்தா வரலை. பத்து நிமிஷம் பார்த்துட்டு, "இன்னைக்கு ஏன் வரலை?"ன்னு மதினிதான் கேட்டாங்க. யாரும் நடக்கப் போகலை, நேரா ராத்தா வீட்டுக்குப் போனாங்க. கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டா சத்தம் குழறலா வந்தது. முந்தின நாள் ராத்திரி சரியா சாப்பிடாம சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுட்டுப் படுத்திருக்காங்க. சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, எழுந்திரிக்க முடியாம கிடந்திருக்காங்க. நினைவு இருந்ததால சீனித்தண்ணி கொடுத்து, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மத்தியானம் சரியாயிட்டாங்க. ராத்தாவோட மகன் வெளிநாட்டுல இருந்து வழக்கமா ஃபோன் பண்றது சாயங்காலம் ஏழு மணிக்கு. அதுவரைக்கும் யாரும் தேடியிருக்க மாட்டாங்க.

இது ஒரு தெருவுக் கதை மட்டும் இல்லை. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் கடுமையான வெப்ப அலை வீசியது. 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் நிறையப் பேர் வீட்டில் தனியாக இருந்த முதியவர்கள். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் பக்கத்துப் பக்கத்தில் இருந்த ரெண்டு பகுதிகளை ஒப்பிட்டார். ரெண்டிலும் ஏழைகள், ரெண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள். ஆனாலும் ஒன்றில் இறப்பு மற்றதைவிடப் பல மடங்கு அதிகம். குறைவாக இறந்த பகுதியில் கடைகள் இருந்தன, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் தினமும் வெளியே வந்து போனார்கள். வராவிட்டால் தெரிந்தது. மற்ற பகுதியில் கடைகள் மூடி, தெரு வெறிச்சோடி, முதியவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள்.

2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மூன்று லட்சம் பேருக்கு மேல். மனித உறவுகள் வலுவாக இருப்பவர்கள், ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. நட்பு இருந்தா சந்தோஷம்னு நமக்குத் தெரியும். அது ஆயுளோட சம்பந்தப்பட்டதுன்னு எண்ணிக்கையோட சொன்னது இந்த மாதிரி ஆய்வுகள்தான்.

நம்ம மாநிலத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2021-க்கான அரசு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறோம். வீட்டுக்கு வீடு நர்ஸ் வைக்க முடியாது. தெருவுக்கு ஆறு பேர் சேர்ந்து நடக்க முடியும்.

"எங்க போறீங்க?"ன்னு கேட்டா

பெண்களைப் பற்றித் தனியா ஒண்ணு சொல்லணும். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதுல ஒரு முன்கதை இருக்கு.

1991-92-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். கிராமத்துப் பெண்கள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். ஆரம்பத்தில் தெருவில் கேலி, கிண்டல் எல்லாம் இருந்தது. ஒருத்தி போனா பேசினவங்க, நூறு பேர் சேர்ந்து போனதும் வாயை மூடிக்கிட்டாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அன்னைக்கு 25, 30 வயசுல சைக்கிள் மிதிச்சவங்களுக்கு இன்னைக்கு 60-ஐ ஒட்டின வயசு. இப்ப அவங்களுக்குத் தேவைப்படுறதும் அதே உபாயம்தான். தனியா ஒரு அம்மா காலையில நடந்தா "எங்க போறீங்க?"ன்னு நாலு பேர் கேப்பாங்க. நாலு அம்மா சேர்ந்து நடந்தா "நாளைக்கு நானும் வரட்டா?"ன்னு கேப்பாங்க. எங்க பெரியம்மா, "கல்யாணமாகி வந்து 45 வருஷத்துல, வேலை எதுவும் இல்லாம கடலைப் பாக்க நான் போனது இந்த நாலு வருஷமாத்தான்"னு சொன்னாங்க. கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாவும் இருந்தது, சந்தோஷமாவும் இருந்தது.

பத்தாயிரம் ஸ்டெப் கட்டாயமா?

இல்லை. அந்த எண்ணிக்கை ஜப்பானில் 1965-ல் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோட பேர்ல இருந்து வந்தது. 'பத்தாயிரம் அடி மீட்டர்'ங்கிறதுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். மருத்துவ ஆராய்ச்சி சொல்லி வந்த கணக்கு இல்லை அது.

2019-ல் ஐ-மின் லீ என்ற ஆராய்ச்சியாளர், சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. சுமார் 7,500 அடிக்குப் பிறகு கூடுதல் பலன் பெரிசா இல்லை. அதாவது, வீட்டுக்குள்ளேயே இருக்கிறவங்க இன்னும் ஒரு கிலோமீட்டர் சொச்சம் நடந்தாலே பெரிய மாற்றம்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு வேணும்னு சொல்லுது. 30 நிமிஷம், அஞ்சு நாள். 65 வயசுக்கு மேல இருக்கிறவங்க, தடுமாறாம நிற்கிறதுக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியை வாரத்துல மூணு நாள் சேர்த்துக்கணும். நடை முடிஞ்சு நிற்கிற இடத்துலயே, சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல பத்து விநாடி, நாற்காலியில இருந்து கையை ஊன்றாம பத்து தடவை எழுந்து உட்கார்றது. இவ்வளவு போதும்.

தமிழ்நாடு அரசும் 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல விஷயம்தான். ஆனா மாவட்டத் தலைநகரத்துல இருக்கிற பாதைக்கு மணமேல்குடி பெரியம்மா தினமும் போக முடியாது. அவங்களுக்குப் பாதை வீட்டு வாசல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

எப்படி ஆரம்பிக்கிறது?

ரெண்டு பேர் போதும். மூணு பேரா இருந்தா இன்னும் நல்லது, ஒருத்தர் ஊருக்குப் போனாலும் நடை நிக்காது. நேரத்தை மாத்தாதீங்க. "வசதிப்படும்போது போகலாம்"னு சொன்ன நடை எதுவும் நடந்ததில்லை.

வேகத்தை மெதுவா நடக்கிறவர் முடிவு பண்ணட்டும். வேகமா போகணும்னு ஆசைப்படுறவங்க கொஞ்சம் முன்னாடி போய்த் திரும்பி வந்து சேர்ந்துக்கலாம்.

இடம் முக்கியம். பள்ளிக்கூட மைதானம், கண்மாய்க் கரை, கோயிலைச் சுத்தின வீதி, கடலுக்குப் போற ஊர் ரோடு, எல்லாம் நல்லது. ஈசிஆர் மாதிரி பெரிய சாலை வேண்டாம். வேறு வழியே இல்லைன்னா வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்தபடி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நடங்க. இருட்டுல வெளிர் நிறத் துணி, கையில ஒரு டார்ச். கடற்கரையில தண்ணி நனைச்ச கெட்டி மணல்ல நடங்க. உதிரி மணல் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சிரமம்.

சர்க்கரை இருக்கிறவங்க வெறுங்கால்ல நடக்கக் கூடாது, கடற்கரையிலகூட. திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்க. உணர்ச்சி குறைஞ்ச கால்ல முள்ளு குத்தினாகூடத் தெரியாது. பையில நாலு மிட்டாய் இருக்கட்டும். மே மாசம் வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுங்க. கடலோரத்துல ஈரப்பதம் அதிகம், வேர்வை சீக்கிரம் காயாது, அதனால உடம்புச் சூடு இறங்காது.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, திடீர்னு மூச்சுத் திணறல், தலை சுத்தல் வந்தா அங்கேயே உட்காருங்க. கூட இருக்கிறவங்க 108-க்குக் கூப்பிடுங்க. இதய நோய் இருக்கிறவங்களும், சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்களும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

நேயர்கள் கேட்டவை

*"அப்பா யார்கூடவும் பேசமாட்டார். கூட்டமே பிடிக்காது."*

அவருக்கு ஒரே ஒரு ஆள் போதும். பேச்சு இல்லாம பக்கத்துப் பக்கத்துல நடக்கிறதும் கூட்டு நடைதான். எதிரெதிரா உட்கார்ந்து பேச வராத ஆண்கள், ஒரே திசையைப் பார்த்து நடக்கும்போது தானா வாயைத் திறப்பாங்க. பேசியே ஆகணும்னு அவசரப்படுத்தாதீங்க.

*"பக்கத்து வீட்டுக்காரங்களோட எல்லைத் தகராறு. எப்படிக் கூப்பிடுறது?"*

அவங்களைத்தான் கூப்பிடணும்னு இல்லை, அடுத்த வீட்டைப் பாருங்க. மணமேல்குடியில ஒரு எழுதாத விதி இருக்கு: நடையில கட்சி பேசலாம், சண்டை போடலாம், ஆனா நிலத்தகராறும் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. நல்ல விதி.

*"அம்மாவால வாக்கர் இல்லாம நடக்க முடியாது."*

அவங்க வாசல் வரைக்கும் நடக்கட்டும். நடக்கிறவங்க அந்த வாசல் வழியா போற மாதிரி பாதையை மாத்திக்கட்டும். ரெண்டு நிமிஷம் நின்னு பேசிட்டுப் போகட்டும். அந்த ரெண்டு நிமிஷத்துக்காக அம்மா காலையில எழுந்து தலை வாரிப் பொட்டு வெச்சுட்டு வாசலுக்கு வருவாங்க. அதுவும் நடைதான்.

*"அக்கம்பக்கத்துல யாருமே இல்லைன்னா?"*

மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் 14567 இருக்கு. தனிமையா இருக்கிறவங்க அதுல பேசலாம். ஆனா அதுக்கு முன்னாடி, தினமும் காலையில பால் போடுறவர், டீக்கடைக்காரர், கோயில்ல பார்க்கிறவங்க, பள்ளிவாசலுக்குப் போறவங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. தினமும் ஒரே நேரத்துல பார்க்கிற முகம் ஒண்ணாவது இருக்கும்.

கடைசியா

வெளியூர்லயும் வெளிநாட்டுலயும் இருந்து கேக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அம்மா அப்பாவுக்கு ஸ்டெப் எண்ணுற வாட்ச் வாங்கி அனுப்புறதுக்கு முன்னாடி, எதிர்வீட்டு அத்தைக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க. "அம்மாவை நாளைக்குக் காலையில கொஞ்சம் கூப்பிட்டுட்டுப் போறீங்களா?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் அவங்களும் யாராவது கூப்பிட மாட்டாங்களான்னுதான் உட்கார்ந்திருப்பாங்க.

60-ஐத் தாண்டினவங்களே இதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, நீங்களே போய் ஒரு கதவைத் தட்டுங்க. ஒரு வாரம் நடந்து பார்த்துட்டு எப்படி இருந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க, இல்லைன்னா குரல் பதிவு அனுப்புங்க. உங்க ஊர் நடையில என்ன பேசுறீங்க, எந்த டீக்கடையில நிக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.

அடுத்த எபிசோடில் முதுமையில தூக்கம் ஏன் குறையுதுன்னு பேசுவோம். அதுவரைக்கும் வணக்கம்.